தச்சுத் தொழிலும் கட்டடச் சீரமைப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மரவேலையைக் கற்றுத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களிடமிருந்தும், அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும், வேறு வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இத்துறைக்கு வர நினைப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாக்கிக்கொண்டேன்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்வதா, அனுபவமுள்ள தச்சர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்வதா? தனியாக வேலை எடுத்துச் செய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பதில்: இரண்டும் வேண்டும். வரைபடத்தை வாசிக்கவும், மரங்களை இனங்காணவும், இயந்திரத்தை அஞ்சாமலும் அலட்சியமில்லாமலும் கையாளவும் பள்ளி கற்றுத்தரும். சுவர் நேராக இராது, தரை மட்டமாக இராது, இரண்டு சுவர்கள் சேரும் மூலை 90 பாகையாக இராது என்பதைப் பணியிடம்தான் கற்றுத்தரும். பள்ளியில் மட்டும் பயின்றவர் செய்யும் அலமாரி அப்பழுக்கற்ற செவ்வகமாக இருக்கும். அது போய் நிற்க வேண்டிய மூலை செவ்வகமாக இல்லாததால் ஒரு பக்கம் இடைவெளி பல்லிளிக்கும். பணியிடத்தில் மட்டும் பயின்றவருக்கு அந்த இடைவெளியை மறைக்கத் தெரியும். ஆனால் அவர் செய்த மேசைப் பலகை ஆறு மாதத்தில் ஏன் வெடித்தது என்று கேட்டால் மரத்தின் தலையெழுத்து என்பார்.

ஜெர்மனியில் இந்த இரண்டையும் சட்டப்படியே இணைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே குறிப்பிட்ட நாள்களில் தொழிற்பள்ளிக்கும் செல்வார். பயிற்சி 3 ஆண்டுகள் நீடிக்கும். கதவு, சன்னல், அறைகலன் செய்பவரும், கூரைச் சட்டம், மரத்தரை, மரவீடு கட்டுபவரும் அங்கே இரு வேறு தொழிலினர். பயிற்சியும் தேர்வும் தனித்தனி. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் அதை நீங்களே உங்களுக்கு அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்: ஓராண்டுப் படிப்பில் சேர்ந்திருந்தால் விடுமுறை நாள்களில் பணியிடத்துக்குப் போங்கள், நேராகத் தச்சரிடம் சேர்ந்திருந்தால் மாலை வகுப்பில் தொழில்நுட்ப வரைபடமாவது கற்றுக்கொள்ளுங்கள்.

யாரிடம் சேர்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சேர்வதற்கு முன் ஒரு நாள் அவருடைய பட்டறையில் போய் நின்று பாருங்கள். உளிகள் கூராக இருக்கின்றனவா, ரம்பத்தின் பாதுகாப்பு மூடி அதன் இடத்தில் இருக்கிறதா, ஏற்கெனவே இருக்கும் உதவியாளர்கள் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, அல்லது அதட்டல் வருகிறதா என்று கவனியுங்கள். முதல் சில மாதங்கள் சுமப்பதும், கூட்டுவதும், உப்புத்தாள் தேய்ப்பதும்தான் வேலை என்பதில் தவறில்லை. ஆனால் ஓராண்டு கழிந்தும் அளவு எடுத்துக் கோடு போட உங்களை அவர் விடவில்லையென்றால், நீங்கள் அங்கே தொழில் கற்கவில்லை. கூலி வேலை பார்க்கிறீர்கள். மூன்று ஆண்டுகள் முறையாகப் பயின்றவர் கதவு, சன்னல், அலமாரி ஆகியவற்றைத் தனியாகச் செய்ய இயலும். பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்க மேலும் இரண்டு ஆண்டுகளாவது ஒரு மூத்தவரின் பின்னால் நிற்க வேண்டும் என்றே சொல்வேன், ஏனென்றால் அங்கே தவறு செய்தால் வீணாவது பலகை மட்டுமன்று.

கேள்வி: பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வறண்ட மாதத்தில் நான் செய்து மாட்டிய கதவு மழைக்காலத்தில் நிலையில் சிக்கிக்கொண்டது. விளிம்பை இழைத்துச் சரிசெய்தேன். வெயில் வந்ததும் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. என் அளவில் பிழையா?

பதில்: உங்கள் அளவில் பிழையில்லை, நீங்கள் அளந்தது அன்றைய மரத்தை. மரம் வெட்டுண்ட பின்னும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குத் தச்சு இணைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஏன் அப்படி அமைந்தன என்பது தானே விளங்கிவிடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: உயிரணுக்களின் உட்குழிவில் தேங்கிய நீர் ஒன்று, அவற்றின் சுவரிலேயே ஊறிய நீர் மற்றொன்று. உட்குழிவு நீர் வற்றும்போது மரத்தின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. நாரின் நீளவாக்கில் மிக அற்பம். பெரும்பாலான மரங்களில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான். மரத்தின் வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்காக, நடுமையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதைவிட அதிகம். வளையத்தின் போக்கிலேயே பார்த்தால் ஏறத்தாழ அதைப் போல இரு மடங்கு.

தேக்கு, அதிகம் விரிந்து சுருங்காத அடக்கமான மரம் என்று பெயர் பெற்றது. அதிலேயே, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை மையத் திசையில் சுமார் 2.5 சதவீதமும், வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருக்கம் உண்டு. இப்போது உங்கள் கதவுக்கு வருவோம். வளையங்கள் பலகையின் முகத்துக்கு இணையாக ஓடும்படி அறுத்த 200 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை ஒன்று, 10 சதவீத ஈரத்திலிருந்து 16 சதவீதத்துக்கு ஏறினால் அகலத்தில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே விரியும். அத்தகைய பலகைகள் ஐந்தை ஒட்டி ஒரு மீட்டர் அகலக் கதவு செய்திருந்தால் மொத்த விரிவு 11 மில்லிமீட்டரைத் தாண்டும். நிலையில் விட்ட 3 மில்லிமீட்டர் இடைவெளி அதற்கு எம்மூலைக்கு?

நம் முன்னோர்கள் சட்டமும் உட்பலகையுமாகக் கதவு செய்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. கதவின் இரு பக்கமும் நிற்கும் நெடுஞ்சட்டங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் என்றால், கதவின் அகலத்தில் விரியக்கூடிய மரம் மொத்தம் 200 மில்லிமீட்டர் மட்டுமே. அவற்றுக்கு இடையே படுத்திருக்கும் குறுக்குச் சட்டங்களில் நார் சட்டத்தின் நீளவாக்கில் ஓடுவதால் அவற்றின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நடுவிலுள்ள உட்பலகை, சட்டங்களில் வெட்டிய நீண்ட பள்ளமான காடிக்குள் பசையில்லாமல் தளர்வாக நின்று தன் பாட்டுக்கு விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவு ஒரு மீட்டர் அகலமாக இருந்தாலும் அசைவு 2 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும்.

ஆகவே நீங்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, வாங்கிய மரம் உண்மையில் உலர்ந்திருந்ததா? கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஈரமானி கொண்டு, பலகையின் முனையில் அன்றி நடுப்பகுதியில் அளக்க வேண்டும். இரண்டாவது, உட்பலகையைக் காடியில் பசை வைத்து ஒட்டினீர்களா? நான் இளைஞனாக இருந்தபோது, உறுதியாக நிற்கட்டும் என்று நான்கு பக்கமும் பசை தடவி ஒரு கதவைச் செய்தேன். அந்த வறண்ட காலத்தில் ஒரு நண்பகலில் துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் கேட்டது. உட்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. மூன்றாவது, கதவின் மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் வண்ணம் பூசினீர்களா? நாரின் வெட்டுமுனை ஈரத்தை மற்ற முகங்களைவிடப் பன்மடங்கு வேகமாக உறிஞ்சும். கண்ணில் படாத அந்த இரண்டு விளிம்புகளைத்தான் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

இனி இழைக்க வேண்டுமானால் ஈரம் உச்சத்தில் இருக்கும்போது, சிக்கும் இடத்தில் மட்டும் இழையுங்கள். இழைத்த கையோடு அந்த விளிம்பை வண்ணத்தாலோ மெருகாலோ மூடிவிடுங்கள்.

கேள்வி: தொடக்கத்தில் என்னென்ன கருவிகளை வாங்க வேண்டும்? மின்கருவிகள் இருந்தால் சீக்கிரம் கற்கலாமே?

பதில்: மின்கருவி வேலையைச் சீக்கிரம் முடிக்கும், கற்பதைச் சீக்கிரம் முடிக்காது. நாருக்கு எதிராக இழைத்தால் மரம் பிய்யும் என்பதை இழைப்புளி உங்கள் மணிக்கட்டுக்கே சொல்லும். விளிம்பையும் காடியையும் வெட்டும் மின்கருவியான ரவுட்டர் அதைச் சொல்வதற்குள் விளிம்பே பெயர்ந்து போயிருக்கும். 6, 12, 25 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று உளிகள், ஓர் இழைப்புளி, ஒரு கைரம்பம், கொட்டாப்புளி, சாணைக்கல், மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, அளவு நாடா, கோடு கீறக் கூரான கத்தி ஒன்று. முதலாண்டுக்கு இவை போதும். மின்கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது துளையிடும் கருவி. வட்ட ரம்பத்தை, பயிற்சியாளர் அருகில் நின்று பழக்கிய பிறகே வாங்குங்கள்.

கருவியை வாங்கியதும் அதையே சோதியுங்கள். மூலைமட்டத்தைப் பலகையின் நேர்விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, அதைப் புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து மறுபடியும் கீறினால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விரிந்தால் மூலைமட்டம் கோணல். ரசமட்டத்தை ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்து, முனை மாற்றி அதே இடத்தில் வைத்தால் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு வேலையைத் தொடங்கிய நாடாவாலேயே அதை முடியுங்கள், ஏனென்றால் இரண்டு நாடாக்களின் கொக்கிகள் ஒரே அளவில் ஆடுவதில்லை.

கூர்தீட்டுவதைப் பற்றி ஒரு சொல். உளியை 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது பொது வழக்கம். மழுங்கிய உளிதான் கையை வெட்டும். கூரான உளி, தள்ளிய இடத்தில் நிற்கும்.

கேள்வி: என் மகன் மரவேலைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். தினமும் தலை முதல் கால்வரை தூளோடு வீடு திரும்புகிறான், இரவில் இருமுகிறான். "இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்" என்கிறான். அப்படித்தானா?

பதில்: அம்மா, உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது, அந்தச் சொல்லை உங்கள் மகன் கற்றுக்கொண்ட இடத்தைத்தான் நான் குறை சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 ஆம் ஆண்டு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சார்ந்த எலும்புக் குழிவுகளிலும் வரும் புற்றுநோய் அது. கல், ஓடு, கான்கிரீட் ஆகியவற்றை வெட்டும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூளும் அதே பட்டியலில் இருக்கிறது. அது நுரையீரலில் தழும்பை உண்டாக்கினால் மீட்க மருந்தில்லை. சீரமைப்பு வேலையில் இருப்பவர் இந்த இரண்டு தூளையும் சுவாசிக்கிறார்.

கண்ணுக்குத் தெரியும் பெரிய தூளைவிட, வெயில் கீற்றில் மட்டுமே மிதந்து தெரிகிற மெல்லிய தூள்தான் ஆழமாக இறங்கும். ஆகவே முகத்தில் துணி கட்டுவது போதாது. தூளை அது பிறக்கும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் உறிஞ்சி இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். அதற்கு மேல், முகத்தில் இடைவெளியின்றிப் படியும் என்95 தரத்திலான முகமூடி அணிய வேண்டும். கல்லையும் ஓட்டையும் நீர் விட்டு வெட்ட வேண்டும். பட்டறையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால், படிந்த தூள் மறுபடி மூச்சுக்கு வந்துவிடும்; உடையிலுள்ள தூளைக் காற்றுக் குழாயால் ஊதித் தட்டுவதும் அதே தவறுதான். இருமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டி, அவன் செய்யும் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். சில மரங்களின் தூள் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் ஒலியில் 8 மணிநேரம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வட்ட ரம்பம் அந்த அளவில் ஒலிப்பது சாதாரணம். செவிப்புலன் ஒரே நாளில் போவதில்லை; கொஞ்சம் கொஞ்சமாகப் போய், தெரியவரும்போது திரும்ப வழியிராது.

மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மேசை ரம்பத்தின் அலகுக்குப் பின்னால், அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் தகடு மாட்டியிருக்கிறதா? அது இல்லையென்றால் மரம் அலகை இறுக்கிப் பிடித்து, அறுப்பவரின் மேலேயே எறியப்படும். சிறு துண்டுகளைத் தள்ளக் கையை வைக்கிறானா, தள்ளுகோலை வைக்கிறானா? சுழலும் அலகின் அருகே கையுறை போடுகிறானா? போடக்கூடாது, துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடுகிறார்களா? அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்த வேண்டும் அல்லது நீருள்ள மூடிய உலோகக் கலத்தில் இட வேண்டும்.

பழைய கட்டடங்களில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தாலும் தீச்சுடரால் உரித்தாலும் அந்த வீட்டுக் குழந்தைகளின் உடலில் ஈயம் சேரும். பழைய சிமெண்ட் கூரைத் தகடுகளிலும் குழாய்களிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அவற்றைத் துளைக்கவோ உடைக்கவோ கூடாது. பயிற்சியாளர் "சும்மா உடைத்துப் போடு" என்று சொன்னாலும், ஆய்வு செய்து என்னவென்று தெரியும்வரை கைவைக்க மாட்டேன் என்று மறுக்கும் துணிவு உங்கள் மகனுக்கு வர வேண்டும். வீட்டில் நீங்கள் தரும் ஆதரவில்தான் அது வரும்.

கேள்வி: நான் பெண். உடல் வலிமை குறைவு என்று சொல்லிப் பயிற்சியில் சேர்க்கத் தயங்குகிறார்கள். இந்தத் தொழிலுக்கு அவ்வளவு வலிமை தேவையா?

பதில்: தேவையில்லை. ஒரு முழு ஒட்டுப்பலகைத் தாளையோ கனமான கதவையோ ஓர் ஆண் தனியாகத் தூக்குவதும் தவறான வேலைமுறைதான். முதுகு கெட்டுப்போன தச்சர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். நெம்புகோல், சக்கர வண்டி, தாங்குகால், இன்னொருவரின் கை ஆகியவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவரே நீண்ட காலம் இத்தொழிலில் நிலைப்பார். கோடு தப்பாமல் அறுப்பதற்கு வேண்டியது சரியான நிலையில் நிற்பதும் அவசரமின்மையும். உங்கள் கைக்குப் பொருந்தும் பிடியும் உங்கள் உயரத்துக்கு ஏற்ற வேலைமேசையும் இருக்கட்டும். தயங்குகிறவர்களிடம் நீங்கள் செய்த ஒரு மர இணைப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: பழைய வீடுகளைச் சீரமைக்கும் பணியில் சிறப்புப் பயிற்சி பெற விரும்புகிறேன். புதிதாகச் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தண்ணீரைப் பாருங்கள். பழைய கட்டடத்தில் கெட்டுப்போயிருக்கும் எதன் பின்னாலும் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் உள்ள மரத்தில் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. ஆகவே ஓர் உத்தரத்தின் முனை மக்கியிருந்தால், அந்த முனைக்கு நீர் எப்படி வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை: கூரை ஒழுகுகிறதா, சுவரினுள் ஓடும் குழாய் கசிகிறதா, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா, குளியலறையின் நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறதா. காரணத்தை விட்டுவிட்டு மரத்தை மட்டும் மாற்றுபவர் சில ஆண்டுகளில் அதே வீட்டுக்கு மறுபடியும் அழைக்கப்படுவார், அல்லது அழைக்கப்படவே மாட்டார்.

புதிய வேலையில் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். பழைய வேலையில் கட்டடமே வரைபடம், அதை வாசிக்க வேண்டும். கூரான ஊசி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுவரில் பதிந்திருக்கும் உத்தர முனைகள், நிலைக்கால்களின் அடிப்பகுதி, சன்னலின் கீழ்ச்சட்டம் ஆகியவற்றில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரம் வழிவிடும். சுவரோடு ஒட்டி மண்குழாய் ஏறியிருந்தால் கறையான். மரத்தில் சிறு துளைகளும் அடியில் மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு, அதுவும் பெரும்பாலும் வைரம் பாயாத வெளிப்புற வெள்ளை மரத்தில்தான் இருக்கும். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தால், துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்து உள்ளிருந்தே உடைத்திருக்கிறது என்று பொருள். மேலே சிமெண்ட் பூசி மறைப்பது வைத்தியமாகாது. விரிசலைக் கண்டால் அதன் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்று சில வாரங்கள் கவனியுங்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு பூசுவது நான் அடிக்கடி காணும் கொடுமை. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை மெல்ல வெளியே விட்டு உலரும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லைப் பொரியவைத்து, சுவரில் பதிந்த உங்கள் மரத்தையும் மக்கவைக்கும். தச்சருக்கு ஏன் பூச்சுவேலை தெரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்துவிடும்படி வீட்டுக்காரர் கேட்பார். தட்டிப் பார்த்து, இது வெறும் தடுப்புச் சுவர் என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். மேல் தளத்தின் உத்தரங்கள் அதன்மேல் தங்குகின்றனவா, மேல்மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் நிற்கிறதா என்று நீங்கள் பார்க்கலாம். ஆனால் தீர்ப்பு கட்டமைப்புப் பொறியாளருடையது. அவர் எழுத்தில் தந்த பிறகு, முட்டுக் கொடுத்து, தாங்கு உத்தரம் ஏற்றிய பின்னரே சுவர் இறங்க வேண்டும்.

வேலையின் வரிசையும் பயிற்சியின் ஒரு பகுதி. கூரையும் கசிவும் முதலில், கட்டமைப்பு அடுத்து, பிறகு மின்கம்பியும் குழாயும், அதன்பின் பூச்சு. பூச்சு நன்கு உலரும்வரை உலர்ந்த மரத்தையோ அலமாரியையோ அந்த வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. ஈரச் சுவர்கள் விடும் நீரை மரம் குடித்து வீங்கிவிடும். வீட்டுக்காரரின் அவசரத்துக்கு இணங்கி இந்த ஓரிடத்தில் வரிசை மாற்றியதால் கெட்ட வேலைகள் ஏராளம்.

பழைய மரத்தை முடிந்தவரை காப்பாற்றுங்கள். நிலைக்காலின் அடி ஒரு சாண் மக்கியிருந்தால் நிலை முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி எடுத்து, அதே இனத்து உலர்ந்த மரத்தில் அதே நாரோட்டம் வரும்படி ஒட்டு வெட்டிச் சேர்க்கலாம். அப்படி ஒட்டுப் போடக் கற்றவருக்கு வேலை தேடி அலைய நேராது.

கேள்வி: கணினியால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்துவிட்டன. கைவேலையைக் கற்பதில் இனி பயன் உண்டா?

பதில்: ஒரே மாதிரியான சமையலறைப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் அறுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போய்விட்டது; அதற்காக வருந்த வேண்டியதில்லை, அந்த இயந்திரத்தை இயக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கோணிய பழைய நிலைக்குள் பொருந்தும் கதவைச் செய்யும் வேலை, அந்த ஒரு நிலைக்கு மட்டுமே உரியது.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. அதைத் திரும்ப எழுப்பியபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன் செய்த முறையிலேயே ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கிச் சட்டங்கள் செய்யத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறந்தது. தீக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கூரைச் சட்டத்தை ஒவ்வொரு மரமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த வரைபடங்கள் இல்லாமல் கோடரி எதையும் செய்திருக்க முடியாது. கணினி அளவீடும் கைக்கோடரியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

கேள்வி: எனக்குக் கணிதம் வராது. இத்தொழிலில் அது தடையாகுமா? வயது 41 ஆகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன்.

பதில்: வயது தடையில்லை, முழங்காலுக்கு மெத்தை அணியுங்கள், கனமான வேலையை இளையவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் வருபவர்கள் வாடிக்கையாளரிடம் பேசவும் கணக்கு எழுதவும் ஏற்கெனவே அறிந்திருப்பதால், சில விஷயங்களில் முந்தியே நிற்பார்கள்.

கணிதம் வேண்டும், ஆனால் பள்ளியில் உங்களைப் பயமுறுத்திய கணிதமன்று. 2,400 மில்லிமீட்டர் பலகையில் 300 மில்லிமீட்டர் துண்டுகள் எத்தனை வரும்? எட்டு என்று சொல்பவர் ரம்பத்தை மறந்துவிட்டார். ஒவ்வோர் அறுப்பும் 3 மில்லிமீட்டரைத் தூளாக்கினால் ஏழு அறுப்புகளுக்கு 21 மில்லிமீட்டர் போய்விடும்; முழுமையான துண்டுகள் ஏழுதான் கிடைக்கும். மூலை செங்கோணமா என்று பார்க்க ஒரு பக்கத்தில் 600, மறுபக்கத்தில் 800 மில்லிமீட்டர் குறித்தால் குறுக்கே 1,000 வர வேண்டும்.

மாடிப்படியில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. தளத்திலிருந்து தளத்துக்கு 2,880 மில்லிமீட்டர் உயரம் என்றால் 16 படி உயரங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 180. படி உயரத்தின் இரு மடங்கோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 630 வருவது நடப்பதற்கு இதமானது என்ற பழைய விதியின்படி, அகலம் 270. இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகு, கீழ்த்தளத்தில் மட்டும் 20 மில்லிமீட்டர் கனத்தில் புதிய தரை போட்டால், முதல் படி 160 ஆகிவிடும், மற்றவை 180 ஆகவே இருக்கும். ஏறுபவரின் கால் கண்ணை நம்பாமல் பழக்கத்தை நம்புவதால், அந்த 20 மில்லிமீட்டரில்தான் முதியவர் தடுக்கி விழுவார். முடிவான தரைமட்டம் எது என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே படியை அளக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: பயிற்சி தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் வீட்டிலேயே எதைப் பழகலாம்?

பதில்: முதல் மாதம் கோடு போட்டு அறுப்பதை மட்டும் பழகுங்கள். ஒரு கழிவுச் சட்டத்தில் நான்கு முகத்தையும் சுற்றிக் கத்தியால் கோடு கீறி, கோட்டின் கழிவுப் பக்கத்தில், கோட்டைத் தின்னாமல் அறுங்கள். அறுத்த முகத்தில் மூலைமட்டத்தை இரு திசையிலும் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பத்துத் துண்டுகளில் எட்டில் வெளிச்சம் கசியாத நாளில் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாம் மாதம் துளையும் நாக்குமான மூட்டு. துளையை முதலில் வெட்டி, நாக்கை அதற்குப் பொருந்தச் சீவுங்கள். கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. கெட்டவற்றை எறியாமல் தேதியிட்டு வையுங்கள்.

மூன்றாம் மாதம் நீங்கள் வாழும் அறையை அளந்து தாளில் வரையுங்கள். நான்கு சுவர்களின் நீளத்தையும் தரையருகே ஒரு முறை, மார்பளவில் ஒரு முறை அளந்து, இரண்டு மூலைவிட்டங்களையும், நான்கு மூலைகளிலும் உயரத்தையும், ஒவ்வொரு நிலையின் சாய்வையும் தூக்குக்குண்டு விட்டுக் குறியுங்கள். எந்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகவில்லையே என்று திகைக்காதீர்கள். ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்தத் தாளைப் பயிற்சியின் முதல் நாளன்று கையோடு கொண்டுபோங்கள்.